உளப்பாடு: ஒரு சொல்லின் பொருளும் ஆட்சியும்

'நாம் கிளம்பலாம்' என்று ஒருவர் சொன்னால் கேட்பவரும் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். 'நாங்கள் கிளம்புகிறோம்' என்றால் கேட்பவர் வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு உள்ளே போய்விடலாம். தமிழ்க் குழந்தைக்கு இந்த வேறுபாட்டை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. பேச்சோடு பேச்சாக வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இந்தியின் 'ஹம்' அப்படியே. இன்றைய கன்னடத்தின் 'நாவு' இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. தெலுங்கு 'மனமு', 'மேமு' என்றும், மலையாளம் 'நம்மள்', 'ஞங்ஙள்' என்றும், மலாய் 'கித்தா', 'காமி' என்றும் இன்னும் பிரித்தே வழங்குகின்றன. யாரையும் விலக்காமல் சேர்த்துக்கொள்வதைக் குறிக்கும் இன்க்ளூசிவிட்டி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இன்று கல்வியிலும் சட்டத்திலும் பொருளியலிலும் நிறுவன அறிக்கைகளிலும் பெரிய ஆட்சி இருக்கிறது. அதன் பொருளை ஆராய்வதற்குத் தமிழில் தொடக்கம் 'நாம்', 'நாங்கள்' என்ற இந்த இரண்டு சிறு சொற்கள்தாம்.

தொல்காப்பியம் தன்மைப் பன்மை வினைகளுக்கு எட்டு ஈறுகளைச் சொல்கிறது: அம், ஆம், எம், ஏம் என்ற நான்கும், உம் ஊர்ந்து வரும் க, ட, த, ற என்ற நான்கும். அம், ஆம் என்பவை முன்னே நிற்பவரைச் சேர்த்துக்கொள்ளும். எம், ஏம் என்பவை கேட்பவரல்லாத பிறரைச் சேர்த்துக்கொள்ளும் என்று உரைகள் பிரித்துக் காட்டுகின்றன. பவணந்தியாரின் நன்னூல் 'ஓம்' என்ற ஈற்றையும் சேர்த்தது. இன்றைய தமிழில் அந்த 'ஓம்' மட்டுமே நிலைத்து, 'நாம் வந்தோம்', 'நாங்கள் வந்தோம்' என இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது. வினை இழந்த வேறுபாட்டைப் பெயர் காப்பாற்றி வைத்திருக்கிறது. இப்படிப் பிறரைத் தன்னோடு சேர்த்துச் சொல்வதற்கு இலக்கணம் இட்ட பெயர் உளப்படுத்தல், அல்லது உளப்பாடு.

உரையாசிரியர்கள் இங்கே ஒரு நுட்பம் காண்கிறார்கள். மரங்கள் பல இருப்பதுபோல 'நான்' பல இருக்க முடியாது. பேசுகிறவர் ஒருவரே. ஆகவே தன்மைக்கு இயல்பாகப் பன்மை கிடையாது. பிறரை உளப்படுத்துவதால் மட்டுமே அது உண்டாகிறது. இந்தக் கருத்தை இலக்கணத்துக்கு வெளியே கொண்டுபோனால் அதன் கனம் தெரியும். 'நாம்' என்று சொல்லும் எந்தக் கூட்டமும் ஏற்கெனவே யாரையோ உளப்படுத்தித்தான் உண்டாகியிருக்கிறது. யாரை என்பது மட்டுமே கேள்வி. ஒரு வீரன் தன்னையும் தன் படைக்கலத்தையும் சேர்த்து ஒரே தன்மைப் பன்மை வினையால் பேசுவதைக்கூட உரைகள் எடுத்துக்காட்டாகத் தருகின்றன. உயிரற்ற இரும்புக்கே 'நாம்' என்பதற்குள் இடம் கிடைக்குமானால், ஒரு மனிதருக்கு இல்லை என்று சொல்ல இலக்கணத்தில் காரணம் எதுவும் இல்லை. ஐரோப்பியர் அச்சிட்ட இலக்கண நூல்களில் இவ்வகை வேறுபாடு முதலில் விளக்கம் பெற்றது 1560இல், பெரு நாட்டின் கெச்சுவா மொழிக்குத் தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ் எழுதிய நூலில். தமிழ் மரபு அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இதைப் பெயரிட்டுப் பேசியிருக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பு வேறு வகை. அதன் வேர் லத்தீனில் 'கதவை மூடு' என்று பொருள்படும் வினை. உள்ளே வைத்து மூடினால் இன்க்ளூட். வெளியே நிறுத்தி மூடினால் எக்ஸ்க்ளூட். சேர்த்தலும் விலக்கலும் ஒரே கதவின் இரண்டு பக்கங்களாக அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. நெடுங்காலம் அது கணக்கிலும் ஒப்பந்தத்திலும் புழங்கிய வறண்ட சொல்லாகவே இருந்தது: விடுமுறை 5ஆம் தேதி முதல் 10ஆம் தேதி வரை, இரு நாளும் உட்பட; வாடகை, தண்ணீர் வரி உட்பட. மனிதரைச் சமூகத்தின் பகுதியாக ஏற்கும் பண்பு என்ற இன்றைய பொருள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வலுப்பெற்றது. அதை உலகெங்கும் கொண்டுசென்றதில் பள்ளிக்கூடத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

1994 ஜூனில் ஸ்பெயின் நாட்டின் சலமாங்கா நகரில் 92 அரசுகளும் 25 பன்னாட்டு அமைப்புகளும் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டன. உடற்குறையோ கற்றல் சிரமமோ உள்ள குழந்தைகளும் ஊரில் மற்றப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலேயே படிக்க வேண்டும், அதற்கேற்பப் பள்ளி மாற வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியாவில் 1974இலேயே இத்தகைய பிள்ளைகளைப் பொதுப்பள்ளியில் சேர்க்கும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வந்திருந்தது. ஆனால் ஒருங்கிணைத்தலும் உள்ளடக்கலும் ஒன்றல்ல. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006 டிசம்பரில் ஏற்கப்பட்டது. இந்தியா 2007 அக்டோபரில் அதை உறுதிசெய்தது. அந்த உடன்படிக்கைக்கான குழு 2016இல் தந்த விளக்கம் நான்கு நிலைகளைப் பிரிக்கிறது. பிள்ளையைப் பள்ளியிலேயே சேர்க்காதது விலக்கல். தனிப்பள்ளியிலோ தனி அறையிலோ வைப்பது பிரித்தல். பொதுப்பள்ளியில் சேர்த்துவிட்டு, பள்ளி இருக்கிறபடியே இருக்க, பிள்ளை மட்டும் அதற்குத் தக்கபடி வளைந்துகொள்ள வேண்டும் என்பது ஒருங்கிணைத்தல். பாடம், கற்பிக்கும் முறை, தேர்வு, கட்டடம் ஆகியவை பிள்ளைக்கேற்ப மாறுவதே உள்ளடக்கல். மூன்றாவதைச் செய்துவிட்டு நான்காவதன் பெயரைச் சொல்வதுதான் இந்தத் துறையில் மிகுதியாக நடக்கும் பிழை.

வேறுபாடு எங்கே தெரிகிறது என்பதற்கு ஒரு கணக்கு வகுப்பு போதும். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே, 'இதையும் இதையும் கூட்டினா இது வரும், பாத்தீங்களா?' என்கிறார். பார்வையற்ற மாணவிக்குக் கேட்பது சாக்பீஸ் உரசும் ஒலி மட்டுமே. அவள் வகுப்பில் இருக்கிறாள். வருகைப்பதிவேட்டில் பெயர் இருக்கிறது. மதிய உணவும் கிடைக்கிறது. பாடம் மட்டும் கிடைக்கவில்லை. 'ஏ ஸ்கொயர், பிளஸ், பி ஸ்கொயர்' என்று ஆசிரியர் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினால் அவளுக்குப் பாடம் வந்துவிடும். அதே வகுப்பில் செவித்திறன் குறைந்த ஒரு மாணவன் இருந்தால் சிக்கல் இன்னொரு பக்கம் திரும்புகிறது. அவன் ஆசிரியரின் உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொள்பவன். பலகையைப் பார்த்தபடி பேசினால் அவனுக்கு முதுகுதான் தெரியும். ஆக ஒருவருக்குச் செய்த மாற்றம் இன்னொருவரைத் தவறவிடுகிறது. முதலில் எழுதி முடித்து, பிறகு வகுப்பைப் பார்த்து நின்று ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டினால் இருவருக்கும் பாடம் சேர்கிறது. கண்ணாடி போட வேண்டியும் போடாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் சேர்கிறது. இதற்குச் செலவு எதுவும் இல்லை, பழக்கத்தை மாற்றிக்கொள்வதைத் தவிர. பிரெய்ல் புத்தகம் பள்ளி திறந்த அன்றே கையில் வருவது போன்றவற்றுக்குச் செலவும் நிர்வாகமும் தேவை. வாய்விட்டுப் படிப்பதற்கு அந்தச் சாக்கும் கிடையாது.

சட்டம் இந்த மாற்றத்தை நியாயமான தகவமைப்பு என்ற கருத்தால் குறிக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை 21 ஆக்கியது, அரசுப் பணி இடஒதுக்கீட்டை 3 விழுக்காட்டிலிருந்து 4 ஆக்கியது. எண்ணிக்கையைவிட முக்கியமானது, தேவையான தகவமைப்பை மறுப்பதும் பாகுபாடே என்று அது சொன்னது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை ஒரு வழக்கில் தெளிவாக்கியது. பேனா பிடித்தால் கை இறுகிக்கொள்ளும் குறைபாடுள்ள ஒருவர் குடிமைப்பணித் தேர்வில் சொல்வதை எழுத ஒரு துணையாளர் கேட்டார். 40 விழுக்காடு என்ற வரம்பை அவருடைய குறைபாடு எட்டவில்லை என்பதால் மறுக்கப்பட்டது. வரம்பு இடஒதுக்கீட்டுக்குத்தான், தகவமைப்பு குறைபாடுள்ள ஒவ்வொருவருக்கும் உரியது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துணையாளர் கேட்ட அந்தத் தேர்வருக்கு மதிப்பெண்ணில் சலுகை எதுவும் வேண்டியிருக்கவில்லை. தேர்வு அறிவைச் சோதிக்கட்டும், விரலைச் சோதிக்க வேண்டாம் என்பதே அவர் கேட்டது.

கட்டடத்தில் இச்சொல்லின் பொருளை அளவுகோலால் அளக்கலாம். சாய்தளத்துக்கு 12க்கு 1 என்பது ஏற்கப்பட்ட சரிவு. 15 செ.மீ. உயரமுள்ள ஒரே ஒரு படிக்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். மூன்று படிகளுக்கு 5.4 மீட்டர். பல அலுவலகங்களில் மூன்று படிகள் இருந்த அதே இடத்திலேயே சிமெண்டைக் கொட்டிச் சரித்துவிடுகிறார்கள். அதில் சக்கர நாற்காலி தானாக ஏறாது. காவலாளி பின்னாலிருந்து தள்ள வேண்டும். இறங்கும்போது அதைவிட ஆபத்து. சில வாசல்களில் சாய்தளத்தின் மேலேயே இரண்டு பைக்குகள் நிற்கும். ஆய்வுப் படிவத்தில் 'சாய்தளம்: உண்டு' என்று எழுதிவிட முடியும். இதற்கு மாறான காட்சியும் உண்டு. 2024 ஆகஸ்டு முதல் சென்னையில் ஓடும் புதிய தாழ்தளப் பேருந்துகள் நிறுத்தத்தில் நின்றதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தாழ்கின்றன. நடு வாசலில் மடக்குப் பலகை விரிகிறது. சக்கர நாற்காலிக்காரருக்காகக் கேட்டு வாங்கிய வசதி அது. முழங்கால் வலியோடு காய்கறிப் பையைத் தூக்கிவரும் பாட்டியும், கைக்குழந்தையோடு ஏறும் தாயும் அதில் அதே சுளுவோடு ஏறுகிறார்கள். ரொனால்ட் மேஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1985இல் பொது வடிவமைப்பு என்று பெயரிட்டு வலியுறுத்தியது இதைத்தான்.

பொருளியலில் சொல் இன்னும் விரிந்து, அந்த அளவுக்கு இளகியும் போயிற்று. 2007 முதல் 2012 வரையிலான பதினோராம் ஐந்தாண்டுத் திட்டம் உள்ளடக்கிய வளர்ச்சியைத் தன் முழக்கமாக வைத்தது. அதற்கு முன்பே, 2005இல், புதுச்சேரிப் பகுதியின் மங்கலம் என்ற ஊர், எல்லாக் குடும்பங்களுக்கும் வங்கிச் சேவை கிடைத்த இந்தியாவின் முதல் கிராமமாக அறியப்பட்டது. 2014 ஆகஸ்டில் ஜன்தன் திட்டம் அதை நாடு முழுவதற்கும் விரித்தது. கணக்கு தொடங்குவது உள்ளே வருவது. அந்தக் கணக்கிலிருந்து அவசரத்துக்குக் கடன் கிடைப்பதும், எழுதத் தெரியாதவரை வரிசையில் காக்கவைத்துக் கடிந்துகொள்ளாத ஊழியர் இருப்பதும் அடுத்த கட்டம். முதலாவதை எண்ணிச் சொல்வது எளிது என்பதால் அறிக்கைகள் அங்கேயே நின்றுவிடுகின்றன.

எண்ணப்பட்டவர்களும் மீண்டும் வெளியே தள்ளப்படலாம். கைப்பேசியில் வங்கிக் கணக்குக்கு அடையாளம் உறுதிசெய்யும்போது, 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்று திரை கேட்கிறது. படமல்ல, உயிருள்ள ஆள்தான் என்று தெரிந்துகொள்வதற்காக. அமில வீச்சில் இமைகள் சிதைந்தவர்களால் சிமிட்ட முடியாது. முகத்தை அழித்த குற்றத்துக்குப் பிறகு, முகம் இப்படி அசைந்தால்தான் நீ நீயே என்று ஒரு மென்பொருள் அவர்களிடம் சொல்லியது. இதை எதிர்த்து வந்த வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, சிமிட்டலைத் தவிர்த்த மாற்று வழிகள் உட்பட 20 ஆணைகளைப் பிறப்பித்தது. அந்த மென்பொருளை எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. 'எல்லாரும் கண் சிமிட்டுவார்கள்' என்று நினைத்தபோது அவர்கள் மனத்திலிருந்த 'எல்லாரும்' யார் என்பதில்தான் பிழை நுழைந்தது.

வாக்குச்சாவடியிலும் இதே கதை. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் பொத்தான்களின் அருகே பிரெய்ல் எண்கள் புடைத்திருக்கும். பார்வையற்ற வாக்காளர் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்ல விதி இடம் தருகிறது. ஆனால் விரல் நுனியால் எண்ணைத் தடவி, யாருக்கும் தெரியாமல் தானே அழுத்தி வாக்களிப்பது வேறு அனுபவம். இரகசிய வாக்கு என்ற உரிமை அப்போதுதான் அவருக்கும் முழுதாகிறது. பிறகு ஒப்புகைச் சீட்டுக் கருவி வந்தது. அழுத்திய சின்னம் அச்சாகி, கண்ணாடிக்குப் பின்னால் 7 நொடி தெரிந்து, பெட்டியில் விழுகிறது. வாக்காளரின் ஐயத்தைப் போக்க வந்த கருவி, பார்ப்பவரின் ஐயத்தை மட்டுமே போக்குகிறது. ஒருமுறை திறந்த வாசல், அடுத்த கருவி வரும்போது தெரியாமலே சாத்திக்கொள்ளக்கூடும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று தேட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இச்சொல்லை உடற்குறையோடும் வங்கியோடும் நிறுத்திக்கொள்வது பாதியை மறைப்பதாகும். இங்கே 'ஊர்' என்ற சொல்லே நெடுங்காலமாக 'நாங்கள்' போல உளப்படாத் தன்மையில் வழங்கியிருக்கிறது. ஊர்க்கூட்டம், ஊர்ப்பொதுக் கிணறு, ஊர்க் கட்டுப்பாடு என்பவற்றிலுள்ள ஊருக்குள் சேரி அடங்கவில்லை. 'ஊரும் சேரியும்' என்று உம்மை கொடுத்துச் சொல்லும்போதே இரண்டும் வேறு என்று ஆகிவிடுகிறது. பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் அலுவலகங்களிலும் தாழ்த்தப்பட்டோர் தடையின்றி நுழையலாம் என்று 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது; பொது என்ற சொல் அதுவரை பொதுவாக இருக்கவில்லை. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் முன்னின்று, அதுவரை உள்ளே விடப்படாத கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் தொடங்கி, எல்லாச் சாதியினரும் சேர்ந்து வாழ அரசு கட்டிய சமத்துவபுரங்களில், நூறு வீடுகளில் 40 ஆதிதிராவிடர்க்கும், 25 பிற்படுத்தப்பட்டோர்க்கும், 25 மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கும், 10 மற்றவர்க்கும் என்று பங்கிட்டார்கள். ஏற்கெனவே பிரிந்து நிற்கும் ஊரை மாற்றுவதைவிடப் புதிய ஊரைக் கட்டுவது எளிதாக இருந்தது என்பதையும் அத்திட்டம் காட்டுகிறது. வசவாகவும் ஒதுக்கலின் அடையாளமாகவும் மாறிப்போன 'காலனி' என்ற சொல் அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. சொல் போனால் சுவர் போய்விடாது. ஆனால் முகவரியைச் சொல்லும்போது ஓர் இளைஞனின் குரல் தாழ வேண்டிய தேவை குறைந்தால், அதுவே ஒரு பெரிய காரியம்.

பெயரிடுவதிலும் தமிழ்நாடு சில காரியங்களைச் செய்திருக்கிறது. 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது. இழித்துப் பேசிய சொற்களின் இடத்தில் 'திருநங்கை' வந்தது. 2008இல் அவர்களுக்கென நலவாரியம் அமைந்தது. பால் அடையாளம் பற்றிய மதிப்பான சொற்களின் பட்டியல் ஒன்றைச் சென்னை உயர் நீதிமன்ற வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் குறையைப் பேசாமல் மழுப்புகிறது என்று கருதுவோரும் அந்தச் சமூகத்துக்குள் இருக்கிறார்கள். அந்த விவாதம் அவர்களுடையது. வெளியிலிருப்பவர் செய்யத்தக்கது, ஒருவர் தம்மை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படியே அழைப்பது. தமிழின் 'அவர்' ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை என்பது இங்கே இயல்பாக வாய்த்த வசதி.

இன்க்ளூசிவிட்டிக்குத் தமிழில் எந்தச் சொல் என்பது இன்னும் முடிவாகாதது. தமிழ்நாட்டில் 'உள்ளடக்கிய கல்வி', 'உள்ளடக்கிய வளர்ச்சி' என்ற பெயரெச்ச வழக்கு பாடநூல்களிலும் அரசாணைகளிலும் நிலைத்துவிட்டது. பெயராக்கி 'உள்ளடக்கம்' என்றால் புத்தகத்தின் பொருளடக்கமும் காணொளியின் சரக்கும் நினைவுக்கு வருகின்றன. 'அடக்கு' என்ற வினையின் நிழலும் தொடர்கிறது. அடக்குமுறையிலும் அதே அடக்கல்தான். இலங்கையில் வழங்கும் 'உட்படுத்தல் கல்வி' நல்ல ஆக்கம். ஆயினும் விசாரணைக்கு உட்படுத்துவதும் சோதனைக்கு உட்படுத்துவதும் அருகிலேயே நிற்கின்றன. 'அனைவரையும் அரவணைத்தல்' செய்தித்தாளில் இனிமையாகப் படிக்கப்படும். அதில் அணைப்பவர் பெரியவராகவும் அணைக்கப்படுபவர் குழந்தையாகவும் ஆகிவிடுகிறார்கள்.

'உளப்படுத்தல்' இவற்றில் வேறுபடுவது இலக்கண அமைப்பிலேயே. 'உள்ளடக்கு' என்ற வினைக்கு 'அவர்களை' என்ற ஒரு செயப்படுபொருள் போதும். செய்பவர் வாசலில் நின்றபடியே செய்துவிடலாம். 'உளப்படுத்து' என்ற வினையை இலக்கண நூலார் வழங்கும்போது 'தன்னொடு' என்பது கூடவே வருகிறது. செய்பவர் வாக்கியத்துக்குள் வந்தாக வேண்டும். 'மாற்றுத்திறனாளிகளை உள்ளடக்கியுள்ளோம்' என்று ஆண்டறிக்கையில் எழுதிவிட்டு எழுதியவர் நகர்ந்துவிட முடியும். அதையே இந்த வினையில் எழுத முனைந்தால் 'எங்களோடு' என்பது கையில் இடறும், 'நம்மோடு' என்று திருத்தத் தோன்றும். அப்படித் திருத்திய பிறகு, அந்த அறிக்கையைத் தயாரித்த குழுவில் அவர்களில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கேள்விக்கும் அடுத்த வரியில் விடை எழுத வேண்டியிருக்கும்.